பிளஸ் டூ பொதுத்தேர்வு: நன்றாகப் படித்தும் மதிப்பெண் குறைவது ஏன்?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடுகளில் பொங்கல் முடிந்ததும் தினமும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னைக்கு எத்தனை மணி நேரம் படிச்சே?" அக்கறையில்தான் கேட்கிறோம். ஆனால் தேர்வறையில் நடப்பது மூன்று மணி நேரம் எழுதும் வேலை. வீட்டில் நடப்பதோ பெரும்பாலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கும் வேலை. மதிப்பெண் நழுவுவது இந்த இடைவெளியில்தான். "இன்னைக்கு எதை எழுதிப் பார்த்தே?" என்று கேட்கத் தொடங்கினாலே பாதிச் சிக்கல் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வாசித்ததைப் படித்ததாக எடுத்துக்கொள்வது

ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்தால் அது பழகிய பக்கமாகிவிடும். பார்த்தவுடன் "இது எனக்குத் தெரியும்" என்று தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும்.

இயற்பியலில் வான் டி கிராப் மின்னியற்றியை எடுத்துக்கொள்வோம். ஐந்து மதிப்பெண் வினா. இதற்கான விடையில் இருக்க வேண்டியவை: பாகங்கள் குறித்த படம், தத்துவம் (மின்நிலைத் தூண்டலும் கூர்முனைச் செயல்பாடும்), அமைப்பு, செயல்படும் விதம், சுமார் 10⁷ வோல்ட் வரை மின்னழுத்த வேறுபாட்டை உருவாக்கும் என்ற செய்தி, பயன். திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் மதிப்பெண் இப்படித் துண்டு துண்டாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கும். செயல்படும் விதத்தை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டுப் படத்தையும் தத்துவத்தையும் விட்ட மாணவருக்கு, பக்கம் நிரம்பியிருந்தாலும் முழு மதிப்பெண் கிடைக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. பாடத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் தலைப்புகளோடு எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் அந்த வேறு நிற வரிகளை மட்டும் திரும்ப எழுதினால் போதும். பெற்றோருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைப்புகள் வந்திருக்கின்றனவா என்று பார்க்க யாராலும் முடியும்.

புக் பேக்கோடு (பாடத்தின் கடைசியில் இருக்கும் பயிற்சி வினாக்களோடு) நிறுத்துவது, பாடங்களை விட்டுவிடுவது

"இந்த ஆறு பாடம் போதும், சாய்ஸில் தப்பிச்சிடலாம்" என்பது ஆண்டுதோறும் பரவும் கணக்கு. அது எங்கே உடைகிறது என்று பாருங்கள். இயற்பியல், வேதியியல் தாள்களில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டு மதிப்பெண்ணில் 9 வினாக்களில் 6 எழுத வேண்டும். மூன்று மதிப்பெண்ணில் 9-க்கு 6. ஐந்து மதிப்பெண்ணில் 'அல்லது' முறையில் 5. மொத்தம் 70. ஒரு மதிப்பெண் பகுதியில் சாய்ஸே கிடையாது. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் 24-ஆம், 33-ஆம் வினாக்கள் கட்டாய வினாக்கள். இயற்பியலில் அவை பெரும்பாலும் கணக்காகவே வரும். கணக்குகளை ஒதுக்கிவிட்டுத் தியரி மட்டும் படித்தவர் அந்த 5 மதிப்பெண்ணை எழுதும் முன்பே இழந்துவிடுகிறார். கணிதத்தில் 30-ஆம், 40-ஆம் வினாக்கள் கட்டாயம்.

கைடு தவறில்லை. கைடு மட்டும் என்பதுதான் தவறு. ஒரு மதிப்பெண் வினாக்கள் புத்தகத்தின் உள்ளிருந்தும் வருகின்றன. பாடத்துக்கு நடுவே இருக்கும் எடுத்துக்காட்டுக் கணக்குகளும் பெட்டிச் செய்திகளும் கைடில் இல்லாமல் போகலாம். எடுத்துக்காட்டுக் கணக்குகளை விடையை மறைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பது கட்டாய வினாவுக்கு நல்ல பயிற்சி.

இன்னொரு சங்கதி. வீட்டில் கணக்குப் போடும்போது கைபேசியில் கால்குலேட்டரைத் தட்டும் பழக்கம். இயற்பியல், வேதியியல் தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை (லாக்) அட்டவணைதான். அதைத் தேர்வறையில் முதன்முறை புரட்டும் பிள்ளை, சூத்திரம் சரியாக எழுதியும் கடைசி வரியில் திணறும். ஜனவரியிலிருந்தே கையால் பெருக்கி வகுக்கட்டும். விடையோடு அலகையும் எழுதட்டும். அலகு இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும்.

ஒரு மதிப்பெண்ணை அலட்சியமாக எழுதுவது

வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கும்: குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். 'ஆ' என்று மட்டும் எழுதினால் போதாது. குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக இருந்தால் பூஜ்யம். அவசரத்தில் நடக்கும் பிழை இது. தெரிந்த விடைக்கு மதிப்பெண் போவதைவிட வருத்தமான ஒன்று தேர்வில் இல்லை. பயிற்சித் தாளிலும் முழுமையாகவே எழுதிப் பழகட்டும்.

கடிகாரம் இல்லாமல் பயிற்சி எடுப்பது

காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். முதல் 10 நிமிடம் வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. 10.15 முதல் 1.15 வரை எழுதலாம். அந்த 10 நிமிடத்தைப் பதற்றத்தில் வீணாக்காமல், கட்டாய வினாக்களை முதலில் பார்த்துவிட்டு, 'அல்லது' வினாக்களில் எதை எழுதுவது என்று முடிவு செய்யப் பழக்குங்கள். பாதி எழுதிவிட்டு "அதை எழுதியிருக்கலாமே" என்று அடித்துவிட்டு மாற்றுவதில்தான் நேரம் கரைகிறது.

70 மதிப்பெண் தாளுக்கு நடைமுறையில் ஒத்துவரும் பங்கீடு: ஒரு மதிப்பெண் பகுதிக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண் வினாவுக்குத் தலா 5, மூன்று மதிப்பெண்ணுக்குத் தலா 8, ஐந்து மதிப்பெண்ணுக்குத் தலா 13. கூட்டினால் 158 நிமிடம். மீதி 22 நிமிடம் திணறிய கணக்குக்கும் சரிபார்ப்புக்கும். கணிதம் 90 மதிப்பெண் என்பதால் அங்கே மதிப்பெண்ணுக்கு இரண்டே நிமிடம்தான். அதனால் கணிதத் தாளைத் தனியாக, அதிக முறை நேரம் வைத்து எழுத வேண்டும். வாரம் ஒரு முழுத் தாளாவது அதே காலை 10 மணிக்கு, நடுவில் எழுந்திருக்காமல் எழுதட்டும்.

திருப்புதல் தேர்வுத் தாளை மூலையில் போடுவது

மதிப்பெண்ணைப் பார்த்துத் திட்டிவிட்டுத் தாளைப் போட்டுவிடும் வீடுகளே அதிகம். அந்தத் தாள்தான் பொதுத்தேர்வுக்கு முன் கிடைக்கும் மிக நல்ல தகவல். போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்: தெரியாது, தெரிந்தும் பிழை, நேரம் போதவில்லை. 'தெரியாது' அதிகம் என்றால் பாடம் படிக்க வேண்டும். 'தெரிந்தும் பிழை' அதிகம் என்றால் மேலும் படிப்பதால் பயனில்லை. எழுதிப் பழகுவதுதான் மருந்து. இந்த மூன்று காரணத்துக்கும் ஒரே அறிவுரையாக "இன்னும் நல்லாப் படி" என்று சொல்வது யாருக்கும் உதவாது.

கட்ஆஃபை மட்டும் பார்ப்பது

பொறியியல் கட்ஆஃபில் (சேர்க்கைக்கான தரவரிசை மதிப்பெண்ணில்) தமிழும் ஆங்கிலமும் வராது என்பதால் அவற்றைக் கடைசி நாளுக்குத் தள்ளுகிறார்கள். ஒரு பாடத்தில் தவறினாலும் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி விளிம்பில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: செய்முறை உள்ள பாடத்தில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 முழுதாகக் கிடைத்தாலும், எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15 எடுத்தே ஆக வேண்டும். செய்முறை இல்லாத பாடத்தில் 90-க்கு 25. அந்தப் பிள்ளைக்கு எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாக ஓட்டுவதைவிட, ஒரு மதிப்பெண் பகுதியையும் சில பாடங்களின் சிறு வினாக்களையும் உறுதியாக்குவது நல்லது.

வீட்டில் நாம் செய்வது

இரவு 12 வரை விழிக்க வைத்து 4 மணிக்கு எழுப்புவது பெருமையாகப் பேசப்படுகிறது. இந்த வயதுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். படித்தது நினைவில் பதிவதும் தூக்கத்தில்தான். காலையில் தெளிவாக இருக்கும் பிள்ளையை இரவு 9.30-க்கே படுக்க அனுப்பிவிட்டு, பிறகு 5.30-க்கு எழுப்புங்கள். இரவில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை விடியலில் எழுப்பாதீர்கள்.

சித்தப்பா மகனின் மதிப்பெண்ணைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். ஒரு தேர்வு முடிந்து வந்ததும் வினாத்தாளை வைத்து விடை சரிபார்க்க உட்காராதீர்கள். அடுத்த தாளுக்கான மனநிலை அங்கேயே போய்விடும். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் நாட்கள் நகர்ந்தால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் எண் 14416-லும், 104 உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

முடிவு வந்தபின்னும் ஒரு தவறு நடக்கிறது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் விடைத்தாளைப் பார்க்காமலே கோபத்தில் மறுகூட்டல் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்கள் மட்டுமே மறுமதிப்பீடு கேட்க முடியும். நகல் வந்ததும் அந்தப் பாடத்தின் ஆசிரியரிடம் காட்டி, விடைக்குறிப்போடு ஒப்பிட்டபிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கலாம். தேர்ச்சி பெறாதவர்கள் அந்த முடிவுக்காகக் காத்திருக்காமல் துணைத்தேர்வுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும், அதற்கான கடைசி நாள் சீக்கிரமே வந்துவிடும்.