ஸ்கிராபிள் பலகையில் காட்டுச் சொற்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் விளையாட்டு; ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி மதிப்பு) பழக வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது காடு, மரம் பற்றிய பழைய ஆங்கிலச் சொற்களைத்தான். அர்த்தத்தோடு படித்தால்தான் மனதில் நிற்கும்.

‘பாஸ்க்’ என்றால் சிறு தோப்பு. பி 3, ஓ 1, எஸ் 1, கே 5, ஆக 10 புள்ளி. எதிராளி அதை வைத்துவிட்டாரா? கவலை வேண்டாம். கடைசியில் ஒய் வைத்தால் ‘பாஸ்கி’, அதாவது புதர் மண்டிய. அந்த ஒய்யிலேயே உங்கள் சொல்லையும் செங்குத்தாக இறக்குங்கள். இரண்டுக்கும் புள்ளி உண்டு. இதை வீட்டில் பலகையை விரித்துவைத்துப் பழகிப் பார்க்க வேண்டும்.

எஸ், எச், ஏ, டபிள்யூ வந்தால் ‘ஷா’. அதுவும் தோப்புதான், அதே 10. பின்னால் எல் சேர்த்தால் சால்வை!

அப்புறம் ‘ட்ரீன்’ (treen): மரக்கிண்ணம், மரக்கரண்டி போன்ற வீட்டுச் சாமான்கள். டி, ஆர், இரண்டு இ, என். 5 புள்ளிதான், ஆனாலும் இ அதிகமாகத் தேங்கும்போது கை கொடுக்கும்.