எந்தத் தொட்டி முதலில் காலியாகும்? எக்ஸ் வெட்டுத்துண்டு காணும் முறை

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேரளம்தான், ஆனால் மழை குறைவு. பங்குனி வந்தால் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று தினமும் எட்டிப் பார்ப்போம். மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு அதனால் தொட்டியை வைத்தே இந்தப் பாடத்தைத் தொடங்குவேன்.

எக்ஸ் என்பது நிமிடம், ஒய் என்பது தண்ணீரின் உயரம், சென்டிமீட்டரில். வரைபடம் எக்ஸ் அச்சைச் சந்திக்கும் இடம்தான் எக்ஸ் வெட்டுத்துண்டு. அங்கே ஒய் = 0. பலர் அவசரத்தில் எக்ஸுக்கு 0 போட்டுவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது ஒய் வெட்டுத்துண்டு, அதாவது தொடக்கத்தில் இருந்த தண்ணீர். நமக்கு வேண்டியது தண்ணீர் தீரும் நேரம்.

முதல் தொட்டி: மோட்டார் போட்டு இறைக்கிறோம். ஒய் = 90 − 2எக்ஸ். ஒய்க்கு 0 போடுங்கள்: 2எக்ஸ் = 90, எக்ஸ் = 45.

இரண்டாம் தொட்டி: சமன்பாடு இல்லை, குச்சி விட்டு அளந்த அட்டவணைதான். 0 நிமிடத்தில் 80, 10இல் 64, 20இல் 48. பத்து நிமிடத்துக்கு 16 குறைகிறது. 80இல் ஐந்து 16 இருப்பதால், இதே போக்கில் போனால் 50ஆவது நிமிடத்தில் காலி.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அடியில் உள்ள குழாயைத் திறந்துவிட்டோம். தண்ணீர் இறங்க இறங்கக் குழாயில் வரும் வேகமும் குறையும். அந்த வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று இத்தாலியின் டோரிசெல்லி 1644இல் எழுதினார். அதனால் இங்கே நேர்கோடு வராது, பரவளையம் வரும்: ஒய் = (9 − எக்ஸ்/6)². ஆறு ஆறு நிமிடமாகக் குறித்துப் பாருங்கள்: 81, 64, 49, 36, 25, 16, 9, 4, 1, 0. எல்லாம் வர்க்க எண்கள்! முதல் ஆறு நிமிடத்தில் 17 இறங்குகிறது, கடைசி ஆறில் வெறும் 1. ஒரு வர்க்கம் 0 ஆக வேண்டுமென்றால் உள்ளே இருப்பது 0 ஆக வேண்டும்: 9 − எக்ஸ்/6 = 0, எக்ஸ் = 54. நேர்கோடுகள் அச்சை வெட்டிக்கொண்டு கீழே போகும். இது தொட்டுவிட்டுத் திரும்பும்.

சரி, இப்போது ஒப்பிடலாம்: 45, 50, 54. அதிகத் தண்ணீரோடு தொடங்கிய முதல் தொட்டிதான் முதலில் தீர்ந்தது. ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கிய குழாய்த் தொட்டி கடைசிவரை தாக்குப்பிடித்தது. முதல் தொட்டி வறண்ட 45ஆவது நிமிடத்தில்கூட இதில் இரண்டேகால் சென்டிமீட்டர் தண்ணீர் கிடக்கும். தொடக்க உயரத்தையோ ஆரம்ப வேகத்தையோ மட்டும் பார்த்து விடை சொல்லக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

“டீச்சர், 60 போட்டால் மறுபடி 1 வருதே, தண்ணீர் திரும்ப ஏறுமா?” என்று ஒரு பெண் கேட்டாள். அருமையான கேள்வி. பரவளையம் ஏறும், தொட்டி ஏறாது. இந்தச் சமன்பாடு 0 முதல் 54 நிமிடம் வரைக்கும்தான் தொட்டிக்குப் பொருந்தும். அந்த எல்லையைச் சமன்பாட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.