மேப்பில் தேடும்போது சதுர அடைப்புக்குறி வேண்டாம்

சாவியையும் (key) அதற்குரிய மதிப்பையும் இணைத்து, சாவிகளின் வரிசையில் வைக்கும் சி++ மொழியின் மேப்பில் (map) ஒரு சாவி இருக்கிறதா என்று பார்க்கச் சதுர அடைப்புக்குறியைப் பயன்படுத்தினால், அந்தச் சாவி இல்லாதபோது அது சத்தமில்லாமல் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்துவிடும். விலைப்பட்டியலில் இல்லாத வெல்லத்தை விலை["வெல்லம்"] == 0 என்று சோதித்தால் விடை சரியாகவே வரும்; ஆனால், அடுத்து அச்சிடும் பட்டியலில் வெல்லம் 0 ரூபாய்க்கு நிற்கும். இந்தப் பிழையைத் தேடி நான் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

ஆகவே, ஃபைண்ட் (find) மூலம் தேடி, கிடைத்த இட்டரேட்டர் (பதிவின் இடத்தைச் சுட்டுவது), ‘கிடைக்கவில்லை’ என்பதைக் குறிக்கும் எண்டுக்குச் (end) சமமாக இல்லை என்று உறுதிசெய்த பின், மதிப்பை அந்த இட்டரேட்டரிலிருந்தே எடுங்கள். மறுபடி அடைப்புக்குறிக்குப் போனால் ஒரே தேடல் இருமுறை நடக்கும். சாவி கட்டாயம் இருக்க வேண்டிய இடத்தில், இல்லையென்றால் விதிவிலக்கை (exception, பிழை அறிவிப்பு) எறியும் அட் (at) பொருத்தமானது. இருக்கிறதா என்று மட்டும் அறிய, 2020 தரநிலையில் வந்த கன்டெய்ன்ஸ் (contains) போதும்.

சாவிகள் வரிசையில் இருப்பதன் உண்மையான பலன், கொடுத்த மதிப்புக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய முதல் சாவியைத் தேடும் லோயர்_பவுண்டில்தான் (lower_bound) தெரியும்: 20, 50, 100 கிராம் எனக் கட்டண வரம்புகள் இருக்கும்போது, 70 கொடுத்தால் அது நேராக 100-ஐக் காட்டும். 100-ஐத் தாண்டிய எடைக்கு எண்ட் வரும் என்பதால், அதையும் சோதித்த பிறகே மதிப்பைத் தொட வேண்டும்.