மாட்ஃப்ளோவை நோட்புக்கில் ஓட்டிப் பாடம் நடத்துவது எப்படி

போன முறை நிலத்தடி நீர் மாடலிங் வகுப்பு எடுத்தபோது முதல் ஒன்றரை மணி நேரம் இன்ஸ்டால் செய்வதிலேயே போய்விட்டது. ஒருவரின் லேப்டாப்பில் அட்மின் அனுமதி இல்லை, இன்னொருவரிடம் மேக், மூன்றாமவரின் ஆன்டிவைரஸ் மாட்ஃப்ளோ ஃபைலைப் பார்த்ததும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டது. நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் டார்சி விதிக்கு வருவதற்குள் பாதிப் பேர் களைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் கூகுள் கோலாபுக்கு மாற்றிவிட்டேன். நோட்புக் என்ற பக்கத்தில் பைத்தான் கட்டளைகளை எழுதி, கூகுளின் மெஷினிலேயே ஓட்ட விடும் தளம் அது. பிரவுசரும் ஒரு கூகுள் கணக்கும் இருந்தால் போதும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மாட்ஃப்ளோ என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1984-ல் முதலில் வெளியிட்ட இலவச மென்பொருள், நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டம் எவ்வளவு என்று கணக்கிடும். இப்போது நாம் பயன்படுத்துவது 2017-ல் வந்த மாட்ஃப்ளோ 6. அது கேட்கும் டெக்ஸ்ட் ஃபைல்களைக் கையால் எழுதுவது பெரிய தலைவலி, அந்த வேலையை ஃப்ளோபை என்ற பைத்தான் பாக்கேஜ் செய்துவிடும். பெயர்களை இங்கே தமிழில் எழுதினாலும், நோட்புக்கில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: இன்ஸ்டால்

புது நோட்புக் திறந்து, முதல் செல்லில் (கட்டளை எழுதும் பெட்டி) ஆச்சரியக்குறி போட்டு, பிப் இன்ஸ்டால் ஃப்ளோபை என்று தட்டி ஓட்டுங்கள். ஃப்ளோபையின் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பருவத்தில் புதுப் பதிப்பு வந்து நோட்புக் எங்கேயாவது இடிக்கும்.

ஃப்ளோபை வந்தாலும் மாட்ஃப்ளோ வந்துவிடாது. புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஃப்ளோபை எழுத்தர் மாதிரி, கணக்குப் போடுகிற ஆள் வேறு. அடுத்த செல்லில் மறுபடி ஆச்சரியக்குறி போட்டு கெட்-மாட்ஃப்ளோ என்று எழுதி, பக்கத்தில் கோலாபின் கன்டென்ட் ஃபோல்டரைக் கொடுத்தால், எம்எஃப்6 என்ற ஃபைல் அங்கே வந்து உட்காரும். அதன் முழு முகவரியைப் பிறகு சிமுலேஷனை உருவாக்கும்போது கொடுக்க வேண்டும்.

இந்தக் கட்டளை, மென்பொருள்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து ஃபைலை இறக்குகிறது. வகுப்பே ஒரே நிமிடத்தில் ஓட்டினால் சிலருக்கு 403 என்று பிழை வரலாம், ஏனென்றால் அடையாளம் சொல்லாமல் கேட்பவர்களுக்கு கிட்ஹப் மணிக்கு இத்தனை முறை என்று அளவு வைத்திருக்கிறது. நான் எம்எஃப்6 ஃபைலின் ஒரு பிரதியை கூகுள் டிரைவில் பகிர்ந்து வைத்திருக்கிறேன். ஆனால் டிரைவில் இருந்தபடியே ஓட்டப் பார்த்தால் அனுமதி இல்லை என்று சொல்லும், கன்டென்ட் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, சிஹெச்மாட் கொடுத்து ஓட்டும் உரிமை தந்த பிறகுதான் அசையும்.

படி 2: கையால் கணக்கு

புரோகிராம் எழுதும் முன் பேப்பரை எடுக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் வண்ணப்படம் காட்டும் வித்தைதான்.

ஒரே ஒரு அடுக்கு, 21 வரிசை, 21 நெடுவரிசை, ஒவ்வொரு கட்டமும் 100 மீட்டருக்கு 100 மீட்டர். (நோட்புக்கில் இருப்பதும் செல், மாடலில் இருப்பதும் செல் என்றால் குழப்பம், அதனால் மாடலில் இருப்பதை நான் கட்டம் என்றே சொல்கிறேன்.) மேல்மட்டம் 0, அடிமட்டம் -30, ஆக 30 மீட்டர் தடிமன். நீர் கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர். இடது ஓரக் கட்டங்களில் நீர்மட்டம் 10 மீட்டர், வலது ஓரத்தில் 8 மீட்டர், இரண்டும் மாறாது. இடமிருந்து வலமாக நாளுக்கு எவ்வளவு நீர் ஓடும்?

டார்சி விதிப்படி கடத்துதிறன், சரிவு, குறுக்குப் பரப்பு மூன்றையும் பெருக்க வேண்டும். குறுக்குப் பரப்பு 2100 × 30 = 63,000 சதுர மீட்டர். சரிவுக்கு 2 மீட்டரை நீளத்தால் வகுக்க வேண்டும், நீளம் எவ்வளவு? பெரும்பாலானவர்கள் 2100 என்று போட்டு 600 கன மீட்டர் என்று விடை சொல்வார்கள். சொல்லட்டும், திருத்தாதீர்கள், போர்டில் 600 என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: மாடல்

ஃப்ளோபையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிளாஸ் உண்டு. முதலில் சிமுலேஷன், அப்புறம் காலத்துக்கு டிடிஸ், சமன்பாட்டைத் தீர்க்க ஐஎம்எஸ், நிலத்தடி ஓட்டத்துக்கு ஜிடபிள்யூஎஃப். அதற்குள் கட்ட அமைப்புக்கு டிஸ், தொடக்க நீர்மட்டத்துக்கு ஐசி, கடத்துதிறனுக்கு என்பிஎஃப், மாறாத நீர்மட்டத்துக்கு சிஹெச்டி, வெளியீட்டுக்கு ஓசி. ஓசியில் ஹெட் (நீர்மட்டம்), பட்ஜெட் (நீரின் வரவு செலவு) இரண்டையும் சேமிக்கச் சொல்லுங்கள், பட்ஜெட்டைப் பிரின்ட் செய்யவும் சொல்லுங்கள். ஒரு செல்லுக்கு ஒரு துண்டு என்று பிரித்து எழுதினால் எது தவறு என்று கண்டுபிடிப்பது எளிது.

மாட்ஃப்ளோ அலகு பார்க்காது. மீட்டரும் நாளும் என்று தொடங்கினால் கடைசி வரை மீட்டரும் நாளும்தான், நடுவில் யாராவது விநாடிக்கு லிட்டர் என்று போட்டால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தப்பான விடையைக் கொடுக்கும். இன்னொன்று, பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும், மாட்ஃப்ளோவின் ஃபைல்கள் ஒன்றிலிருந்து எண்ணும். நடுக் கட்டம் ஃப்ளோபையில் 0, 10, 10; லிஸ்ட் ஃபைலில் (மாட்ஃப்ளோ எழுதித் தரும் அறிக்கை) அதுவே 1, 11, 11.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

ரைட் சிமுலேஷன், அப்புறம் ரன் சிமுலேஷன். ‘நார்மல் டெர்மினேஷன்’ என்று வந்தால் மாடல் ஓடிவிட்டது என்று மட்டும்தான் பொருள், விடை சரி என்று பொருள் இல்லை. லிஸ்ட் ஃபைலின் கடைசியில் இருக்கும் பட்ஜெட் அட்டவணையைத் திறக்கச் சொல்லுங்கள். சிஹெச்டி வழியாக உள்ளே 630, வெளியே 630.

போர்டில் இருப்பது 600. வகுப்பு அமைதியாகிவிடும். யாராவது ஒருவர் கட்டத்தை வரைந்து பார்த்து, மாட்ஃப்ளோ நீர்மட்டத்தைக் கட்டத்தின் ஓரத்தில் வைப்பதில்லை, நடுவில் வைக்கிறது, அதனால் முதல் நடுவிலிருந்து கடைசி நடு வரை 2000 மீட்டர்தான் என்று கண்டுபிடிப்பார். 2 ÷ 2000 = 0.001, அதை 10-ஆலும் 63,000-ஆலும் பெருக்கினால் 630. இந்த ஒரு விஷயத்தை நான் ஸ்லைடு போட்டுச் சொன்ன காலத்தில் யாருக்கும் நினைவில் நின்றதில்லை.

படி 5: கிணறு தோண்டலாம்

வெல் பாக்கேஜைச் சேர்த்து நடுக் கட்டத்தில் நாளுக்கு 500 கன மீட்டர் இறையுங்கள். இறைப்பது என்றால் மைனஸ் 500; மைனஸை மறந்தால் கிணற்றுக்குள் நீரை ஊற்றுகிறீர்கள், வரைபடத்தில் குழிக்குப் பதிலாகக் குன்று வரும். ஃப்ளோபையின் பிளாட்மேப்வியூவில் சமமட்டக் கோடுகளைப் போட்டால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இப்போது பட்ஜெட்டில் இடதுபக்கம் உள்ளே 880, வலதுபக்கம் வெளியே 380. கிணறு சரியாக நடுவில் இருப்பதால் பாதியை இடதுபக்கம் கூடுதலாகக் கொடுக்கிறது, மீதிப் பாதி வலதுபக்கம் போயிருக்க வேண்டிய நீர். அப்புறம் 1500 போடச் சொல்லுங்கள். வலது ஓரத்தின் நடுப்பகுதி திசை மாறி நீரை உள்ளே விடத் தொடங்கும், அந்த ஓரத்தை ஓர் ஆறு என்று வைத்துக்கொண்டால் கிணறு ஆற்றைக் குடிக்கிறது. எவ்வளவு இறைத்தால் ஆற்றின் முதல் கட்டம் திரும்புகிறது என்று தேடச் சொன்னால் அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

மறக்கக் கூடாதவை

உங்கள் நோட்புக்கைப் பகிர்ந்தால் மாணவர்கள் முதலில் டிரைவில் தங்கள் பிரதியைச் சேமித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவர்கள் மாற்றியதெல்லாம் போய்விடும். ரன்டைமை (ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை) ரீஸ்டார்ட் செய்தால் வேரியபிள்கள்தான் போகும், ஃபைல்கள் இருக்கும். இணைப்பே துண்டிக்கப்பட்டு கூகுள் தந்த மெஷின் போய்விட்டால் ஃபைல்கள், ஃப்ளோபை, எம்எஃப்6 எல்லாம் சேர்ந்து போகும், படி 1-லிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். இலவசக் கணக்கில் ஒரு மெஷின் அதிகபட்சம் 12 மணி நேரம், சும்மா விட்டால் அதற்கு முன்பே போய்விடும். செல்களை முன்னும் பின்னுமாக ஓட்டி விசித்திரமான விடை வந்திருந்தால் எதையும் தேடாதீர்கள், ரீஸ்டார்ட் செய்து எல்லாவற்றையும் மேலிருந்து ஓட்டுங்கள், பத்துக்கு எட்டு முறை அதிலேயே சரியாகிவிடுகிறது.