குளக்கட்டில் இருந்தால் கவிதை வருமா?

வன்னியில் கதை, கவிதை, ஓவியம் என்று தொடங்குகிற பிள்ளைகளிடம் "ஏன் இப்ப ஒன்றும் எழுதிறேல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். "மூட் வரேல்லை" என்பார்கள். பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் போய் இருப்பார்கள். பொழுது சாயும், படம் எடுத்து முகநூலில் போடுவார்கள், வீடு திரும்புவார்கள். கொப்பி வெறுமையாகவே கிடக்கும்.

அழகான இடத்துக்குப் போனால் கற்பனை தானாக ஊறும் என்று நம்புவதுதான் முதல் தவறு. இந்தமுறை சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தொண்டை வறள வாதாடிய கமக்காரரிடம் அதே குளத்தைப் பற்றிக் கேளுங்கள், பொழுது போதாது. வன்னியின் பழைய பாட்டுகளும் அப்படி வந்தவைதான். குருவிப் பள்ளும் பண்டிப் பள்ளும் பயிரை அழிக்க வரும் குருவியையும் பன்றியையும் பற்றியவை. காவல் கொட்டிலில் நித்திரை கெட்டவனுக்குத்தானே பன்றியைப் பற்றி அவ்வளவு சொல்ல இருக்கும்!

அடுத்தது, பொறி தட்டட்டும், பிறகு தொடங்குவோம் என்று காத்திருப்பது. 1937 சனவரியில் ஸ்பெயின் குடியரசு அரசு, பாரிஸ் கண்காட்சிக்காக ஒரு பெரிய சுவரோவியம் வரைந்து தரும்படி பிக்காசோவைக் கேட்டது. மாதக்கணக்கில் அவருக்குப் பொருள் அமையவில்லை. ஏப்ரல் 26ஆம் திகதி ஸ்பெயினின் குவெர்னிகா என்ற ஊரில் குண்டு மழை பொழிந்தது. பாரிஸில் இருந்த பிக்காசோ செய்தியைப் பத்திரிகைகளில்தான் அறிந்தார். மே 1ஆம் திகதி முதல் கோடுகளை இழுத்தார். ஏறத்தாழ ஏழே முக்கால் மீற்றர் அகலமான அந்த ஓவியம் யூன் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது? அதில் இருக்கிற காளையையும் குதிரையையும் அவர் பல வருடங்களாகவே வரைந்துகொண்டிருந்தவர். செய்தி வந்து சேர்ந்தபோது கை தயாராக இருந்தது. அந்த வருடங்களை விட்டுவிட்டு ஒரு மாத வேகத்தை மட்டும் பார்த்து வியப்பதால் நமக்கு ஒன்றும் கிடைக்காது.

சரி, நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறுக்கு வருவோம். மற்றவரின் துயரத்தைக் கச்சாப் பொருளாக எடுப்பது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அப்படி ஒரு போராட்டக் கொட்டிலுக்குள் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு "கண்ணீர்க் கடல்" என்று கவிதை எழுதுகிறவருக்கு அந்தத் தாயின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. மகனுக்கு என்ன கறி பிடிக்கும் என்று அவர் சொல்வதைக் கேட்க ஒரு நாள் முழுக்க இருக்கவேண்டி வரலாம். கேட்டபிறகும், எழுதலாமா அம்மா என்று கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் பேனையை மூடிவிடுங்கள். கவிதை ஒன்று குறைந்தால் ஒன்றும் ஆகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வன்னிக்காரர் என்றால் போரைத்தான் எழுதவேண்டும் என்று நினைப்பது. வெளியிலிருந்து கேட்கிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்தரம் படிக்கிற வயதில் நிற்கிறார்கள். நுண்கடன் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்கிற மோட்டார் சைக்கிள், கனடாவிலிருந்து வீடியோவில் "முற்றத்தைக் காட்டு, மாமரத்தைக் காட்டு" என்று கேட்கிற மாமி, யானை முறித்துப் போட்ட வாழைத்தோட்டம். இவையும் வன்னிதான், இவற்றை எழுத ஆள் குறைவு.

தெரிந்த படிமத்தையே திரும்ப எடுப்பதும் அலுப்பு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் என்றால் எல்லோரும் உப்புநீரில் எரியும் விளக்கை எழுதிவிடுகிறோம். முல்லைத்தீவுக் கடலில் அந்த நீரை அள்ளப் போகிறவர்களோடு கூடவே நடந்து பார்த்தவர் எழுதினால் வேறு மாதிரி இருக்கும்.

மனதில் நிற்கும் என்று நம்பிக் குறித்து வைக்காமல் விடுவதும் தவறு. நிற்காது. போனில் ஒரு வரி தட்டி வையுங்கள், அப்புறம் போனை உள்ளே போடுங்கள்.

மேசையை விட்டு எழும்பாமல் முட்டுவதும் பலன் தராது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இருக்கும்போது தோன்றியதைவிட நடக்கும்போது அதிக யோசனைகள் தோன்றின. வெறும் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் அப்படியே. ஆகவே குளக்கட்டுதான் வேண்டும் என்றில்லை, வீட்டு ஒழுங்கை போதும். பொழுதுபட்டால் யானை வருகிற பாதையை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரேயொரு சரியான விடையைத் தேடும் வேலைக்கு நடை அப்படி உதவவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எழுதியதைத் திருத்தும்போது கதிரையில் இருப்பதே நல்லது.