சர்ப்ளஸ் வேறு, எக்ஸஸ் வேறு

அகராதியைத் திறந்தால் சர்ப்ளஸ், எக்ஸஸ் இரண்டுக்கும் 'மிகுதி' என்றுதான் போட்டிருக்கும். எதை எங்கே எழுதுவது என்று குழப்பமா? ஒரு குளக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகினால் 'மறுகால் பாயுது' என்பார்கள். நிறைந்த குளம் கரையை உடைக்காமல், மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகிற வழிதான் மறுகால். நாங்குநேரி அருகே மறுகால்குறிச்சி என்று ஊரே இருக்கிறது. இந்த மறுகாலைப் பொறியாளர்கள் சொல்வது சர்ப்ளஸ் வியர். தேவை போக மிஞ்சியது, இன்னொருவருக்கு உதவக்கூடியது: அதுதான் சர்ப்ளஸ். செய்தித்தாள் தமிழில் உபரி. எதிர்ச்சொல் டெஃபிசிட், பற்றாக்குறை.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரை தாண்டி வீடுகளுக்குள் வந்ததே, அது எக்ஸஸ். அளவு மீறியது. ரயிலில் லக்கேஜ் எடை மீறினாலும் இதே சொல்தான். ஆனால் 'இன் எக்ஸஸ் ஆஃப் 100' என்று வந்தால் வெறுமனே '100-க்கு மேல்' என்று பொருள். அளவு மீறிவிட்டது என்று குறை சொல்லும் தொனி அதில் இல்லை.

எக்ஸ்ட்ரா என்பது கூடுதல், அவ்வளவுதான். காய்கறியோடு கடைக்காரர் போடும் ஒரு கொத்து கறிவேப்பிலை மாதிரி. என்ன, கொசுறுக்குக் காசு கிடையாது. எக்ஸ்ட்ராவுக்குப் பல இடங்களில் உண்டு!

அப்புறம், சூப்பர்ஃப்ளுவஸ். வேண்டாத மிகை. 'நடு சென்டர்' என்கிறோமே, அதில் ஒரு சொல் சூப்பர்ஃப்ளுவஸ்.