எது ஸ்மைல், எது ஸ்மர்க்?

வெள்ளவத்தைப் புடவைக் கடைக்குள் கால் வைத்ததும் கிடைக்கிற சிரிப்பை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? நம்மில் பலர் எல்லாவற்றுக்கும் ஸ்மைல் என்றே எழுதிவிடுகிறோம். பல் தெரியச் சிரித்தால் கிரின். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று உதட்டோரத்தை மட்டும் இழுப்பது ஸ்மர்க். பாராட்டாக இதை எழுதிவிடாதீர்கள், வம்பாகிவிடும். புருவம் சுளித்தால் ஃப்ரவுன், கோபமும் சேர்ந்தால் ஸ்கௌல். பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவது பௌட்.

மனம் நிறைந்த சிரிப்பு ஜெனுவின் ஸ்மைல், ஒப்புக்குச் சிரிப்பது ஃபோர்ஸ்ட் ஸ்மைல். முதலாவதற்கு டியூஷென் ஸ்மைல் என்றும் ஒரு பெயர் உண்டு. டியூஷென் என்பவர் பிரெஞ்சு மருத்துவர். வாயோரத்தைத் தூக்கும் தசை நாம் நினைத்தால் அசையும், கண்ணைச் சுற்றிய தசை உள்ளபடியே மகிழ்ந்தால்தான் சுருங்கும் என்று 1862இல் எழுதினார். அப்போ வாயை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள். கன்னம் மேலேறி, கண்ணோரத்தில் சுருக்கம் விழுகிறதா? போலிச் சிரிப்பு பல நேரம் சட்டென்று அணைந்தும் விடும். ஆனால் முழுசாக நம்பிவிட வேண்டாம். கண்ணையும் சேர்த்துச் சிரிக்க வைப்பது சிலருக்குக் கைவந்த கலை.